வார்த்தைப்பாடும் வட்டியும்: ஸ்பானிய அமெரிக்காவின் கன்னியர் மடங்கள்

ஸ்பானியர் ஆண்ட அமெரிக்காவில் ஓர் ஊர் நகரமென்று தலைநிமிர வேண்டுமானால் சதுக்கம், பேராலயம், நகர்மன்றம் இவற்றோடு கன்னியர் மடமும் ஒன்று இருந்தாக வேண்டும். 1540 வாக்கில் மெக்சிகோ நகரில் லா கொன்செப்சியோன் மடம் எழுந்தது. 1558இல் பெருவின் மலைநகரான குஸ்கோவில் சாந்தா கிளாரா தொடங்கியது. லிமாவின் முதல் மடமான லா என்கார்னாசியோனும் ஏறக்குறைய அதே காலத்தது. காலனியாட்சி முடியும் தறுவாயில், இன்றைய மெக்சிகோவை உள்ளடக்கிய நியூ ஸ்பெயினில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட கன்னியர் மடங்கள் இருந்தன.

இவற்றில் வாழ்ந்தவர்கள் அடைப்பு விதிக்கு உட்பட்ட துறவியர். ஊருக்குள் போய்ப் பள்ளி நடத்துவதோ நோயாளிகளைப் பார்ப்பதோ அவர்கள் வேலையன்று. இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தபின் மதிலுக்குள்ளேயே வாழ்ந்து, மதிலுக்குள்ளேயே அடக்கமாவார்கள். கற்பு, கீழ்ப்படிதல், ஏழ்மை, அடைப்பு என்ற நான்கு வார்த்தைப்பாடுகளில் ஏழ்மைதான் அதிகத் தொல்லை கொடுத்தது. தனக்கென ஒரு காசும் வைத்துக்கொள்வதில்லை என்று கடவுள்முன் வாக்களித்த பெண்கள் கூடி வாழ்ந்த வீடு, நகரத்தில் கடன் கேட்டுப் போவோர் முதலில் தட்டும் கதவாக இருந்தது. இதைப் பாசாங்கு என்று தள்ளிவிடுவது எளிது. அப்படித் தள்ளிவிட்டால், அந்தச் சமூகத்தில் செபமும் பணமும் ஒன்றை ஒன்று தாங்கி நின்ற விதம் கண்ணில் படாமலே போய்விடும்.

குஸ்கோவின் சாந்தா கிளாராவைத் தொடங்கி வைத்தது நகர்மன்றம்தான். இன்கா பேரரசு வீழ்ந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. படையெடுத்து வந்தவர்களுக்கும் இன்கா குலப் பெண்களுக்கும் பிறந்த கலப்புப் பிள்ளைகள் வளர்ந்து நின்றார்கள். ஆண்பிள்ளைகளைப் பற்றி ஸ்பானியருக்கு உள்ளூர அச்சம்: நாளை ஆயுதம் எடுத்தால் என்ன செய்வது? பெண்பிள்ளைகளைப் பற்றிய கணக்கு வேறு. தாய்வீட்டுப் பழக்கங்களிலிருந்து பிரித்து, ஸ்பானிய முறையில் கிறிஸ்தவர்களாக வளர்த்தால், அவர்கள் ஸ்பானியருக்கு மனைவியராவார்கள், சிலர் கன்னியராவார்கள். தகப்பன் பெயரும் சொத்தும் நிலைக்கும். முதலில் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இத்தகைய மெஸ்தீசாச் சிறுமிகளே. பிரான்சிஸ்கா ஓர்திஸ் என்ற விதவை முதல் தலைவியானார்.

அங்கே வளர்ந்த சிறுமிகளில் ஒருத்தியின் கதை மடத்தின் அரசியல் பயனைத் தெளிவாகக் காட்டும். இன்கா அரச வாரிசான சைரி துபாக் 1561இல் இறந்தபோது அவருடைய மகள் பெயாத்ரிஸ் கிளாரா கோயா சின்னக் குழந்தை. வளம்மிக்க யூக்காய் பள்ளத்தாக்கு அவளுடைய உரிமை. அதனால் அவளை யார் மணப்பார் என்பது குடும்ப விவகாரமாக நில்லாமல் அரசாங்க விவகாரமாயிற்று. சிறுவயதிலேயே சாந்தா கிளாராவில் விடப்பட்ட அவளைத் தாய் வெளியே அழைத்துப்போய்த் தன் விருப்பப்படி மணம்பேச, அதிகாரிகள் தலையிட்டார்கள். குழந்தை மீண்டும் மடத்துக்கு வந்தாள். இறுதியில், 1572இல் கடைசி இன்கா மன்னர் துபாக் அமாருவைச் சிறைப்பிடித்த மார்த்தீன் கார்சியா தே லொயோலாவுக்கு அவள் மணமுடிக்கப்பட்டாள். துபாக் அமாரு அவளுடைய சிற்றப்பன். மாப்பிள்ளையோ இயேசு சபை நிறுவனரான புனித இஞ்ஞாசியாரின் உறவினர். அந்தத் திருமணத்தை வரைந்த பெரிய ஓவியம் குஸ்கோவில் இயேசு சபை ஆலயத்தின் சுவரில் இன்றும் தொங்குகிறது. வென்றவர்களும் தோற்றவர்களும் சம்பந்திகளாகக் கைகோத்து நிற்பதுபோல் அதில் தோன்றும். மணமகள் எங்கே, யாருடைய காவலில் வளர்ந்தாள் என்பதை ஓவியம் சொல்வதில்லை.

மெஸ்தீசா மகள்களுக்காகத் தொடங்கிய அந்த மடத்துக்குள்ளேயே விரைவில் நிறப் பிரிவினை தலைகாட்டியது. கறுப்பு முக்காடு அணிந்தவர்கள் முழு உரிமை பெற்ற கன்னியர். பாடற்குழுவில் அமர்ந்து லத்தீன் செபங்களை ஓதுவார்கள், தலைவி தேர்தலில் வாக்களிப்பார்கள், பதவி வகிப்பார்கள். வெள்ளை முக்காட்டினர் அவர்களுக்குக் கீழ்ப்பட்டவர்கள், பணிவிடை செய்பவர்கள். மெஸ்தீசாக்களுக்கு வெள்ளை முக்காடே போதும் என்ற எண்ணம் எழுந்தபோது, நகர்மன்றத்தில் இருந்த தகப்பன்மார் எதிர்த்தார்கள். அந்தத் தலைமுறை மறைந்தபின் எதிர்க்க ஆளில்லை. ஸ்பானியக் குடும்பப் பெண்கள் வந்து சேரச் சேர, கறுப்பு முக்காடு பெரும்பாலும் அவர்களுடையதாயிற்று.

மற்ற நகரங்களில் நிறுவியவர்களின் நோக்கம் பலவிதம். லிமாவின் லா என்கார்னாசியோனை உருவாக்கியவர்கள் ஒரு தாயும் மகளும். மகள் மென்சியா தே சோசா, அரசனுக்கு எதிராகக் கலகம் செய்து 1554இல் தலை வெட்டப்பட்ட பிரான்சிஸ்கோ எர்னாந்தெஸ் கிரோனின் மனைவி. கலகக்காரனின் விதவைக்கு மதிப்போடு வாழக் கிடைத்த ஒரே வழி அதுவாக இருந்திருக்கலாம். பெருவின் அரெக்கிப்பா நகரில் 1579இல் சாந்தா கத்தலீனா மடத்தைத் தொடங்கியதும் மரியா தே குஸ்மான் என்ற வசதியான விதவைதான். மெக்சிகோ நகரில் 1580இல் வந்த ஹேசுஸ் மரியா மடம், நொடித்துப்போன வெற்றிவீரர்களின் வம்சத்துப் பெண்களுக்காக, சீதனம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு எழுந்தது. காலப்போக்கில் அங்கேயும் சீதனம் வந்துவிட்டது.

சீதனம்தான் எல்லாவற்றுக்கும் அச்சாணி. கன்னிகை கிறிஸ்துவின் மணவாட்டி. மணவாட்டி வெறுங்கையோடு புகுந்த வீட்டுக்கு வருவதில்லை. இந்த இறையியல் உருவகம் எழுத்துமூலமான தொகையாக மாறியது. குஸ்கோவில் கறுப்பு முக்காட்டுக்கு 3,300 பெசோவுக்குச் சற்று மேல், வெள்ளை முக்காட்டுக்கு அதில் பாதி. மெக்சிகோ நகரில் 17ஆம் நூற்றாண்டில் 3,000 பெசோ வழக்கமாக இருந்தது. இதற்கு மேல் உள்ளே நுழையும் விழா, மெழுகுவர்த்தி, துணிமணி, விருந்து, அறை வாங்கும் செலவு எல்லாம் தனி. இருந்தும் பெரிய குடும்பத்துப் பெண்ணுக்குத் தகுந்த மாப்பிள்ளை தேடினால் கொடுக்க வேண்டிய சீதனத்தோடு ஒப்பிட இது குறைவே. மூன்று மகள்கள் உள்ள வீட்டில் ஒருத்தியைச் சிறப்பாகக் கட்டிக்கொடுத்து, மற்ற இருவரை மடத்துக்கு அனுப்பினால் சொத்து சிதறாது.

இதைக்கொண்டு எல்லோரும் கட்டாயத்தில் வந்தவர்கள் என்று முடிவு கட்டுவது சரியன்று. 1563இல் திரெந்து பொதுச்சங்கம், பதினாறு வயது நிரம்பாமல் வார்த்தைப்பாடு கூடாது, பெண்ணின் சொந்த விருப்பத்தை ஆயர் நேரில் விசாரிக்க வேண்டும், வற்புறுத்துபவர் திருச்சபைக்குப் புறம்பாவர் என்று சட்டம் வகுத்தது. தகப்பனுக்குப் பயந்து "என் விருப்பம்தான்" என்று சொல்லும் பெண்ணை எந்த விசாரணையும் கண்டுபிடித்துவிடாதுதான். மறுபக்கம், அக்காலத்தில் பெண் ஒருத்தி படிக்க, எழுத, இசை பயில, கணக்குப் பார்க்க, நூறு பேரை நிர்வகிக்க, மூன்றாண்டுக்கு ஒருமுறை வாக்களித்துத் தலைவியைத் தேர்ந்தெடுக்க வேறெங்கே முடிந்தது? லிமாவின் பெரிய மடங்களில் தலைவி தேர்தல் வந்தால் நகரமே கட்சி பிரிந்து நின்றது. பேராயரும் அரசப் பிரதிநிதியும்கூடத் தலையிடும் அளவுக்கு அது முற்றியதுண்டு.

கவிஞர் சோர் ஹுவானா இனெஸ் தே லா குரூஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1667இல் கடுமையான கார்மேல் மடத்தில் சேர்ந்து தாக்குப்பிடிக்காமல் வெளியேறி, 1669இல் மெக்சிகோ நகரின் சான் ஹெரோனிமோ மடத்தில் வார்த்தைப்பாடு கொடுத்தார். திருமணத்தில் தமக்கு விருப்பமில்லை, படிக்க அமைதி வேண்டும் என்பதே தம் தேர்வுக்குக் காரணம் என்று 1691இல் எழுதிய புகழ்பெற்ற விடைமடலில் அவரே சொல்கிறார். சீதனமான 3,000 பெசோவைப் பெத்ரோ வெலாஸ்கெஸ் தே லா கதேனா என்ற செல்வர் கொடுத்தார். தாய்தந்தையர் முறைப்படி மணந்தவர்கள் அல்லர். ஆனால் முறைப்படி பிறந்த மகள் என்றே மடத்துப் பதிவில் எழுதப்பட்டது. சேரும்போது தாய் ஓர் அடிமைப்பெண்ணைக் கொடுத்தார். பல ஆண்டுகளுக்குப்பின் அந்தப் பெண் ஹுவானாவின் சகோதரிக்கு விற்கப்பட்டாள். ஹுவானா பல ஆண்டு மடத்தின் கணக்கராகப் பணியாற்றினார். பெரிய நூலகம் வைத்திருந்த அறை அவர் விலைகொடுத்து வாங்கியது. மேதையின் சுதந்திரமும் அடிமையின் விலையும் ஒரே கணக்கேட்டில் இருந்தன.

இத்தகைய பெருமடங்களின் உட்புறம் ஒரு சிறு ஊர். அரெக்கிப்பாவின் சாந்தா கத்தலீனா ஏறத்தாழ 20,000 சதுர மீட்டர் பரப்பில், தெருக்களும் சிறு முற்றங்களும் கொண்டு இன்றும் நிற்கிறது. தெருக்களுக்குச் செவில்லா, கோர்தோபா, தொலேதோ என்று ஸ்பானிய நகரங்களின் பெயர். அறை என்று சொல்லப்படுவது பல சமயம் தனிச் சமையற்கட்டும் முற்றமும் கொண்ட சிறு வீடு. அதை வாங்கலாம், விற்கலாம், அண்ணன் மகளுக்கு விட்டுச்செல்லலாம். ஒரே குடும்பத்தின் அத்தையும் மருமகளும் தலைமுறை தலைமுறையாக ஒரே அறையில் வாழ்ந்ததுண்டு. அவர்களோடு வளர்ப்புச் சிறுமிகள், வாசலில் விடப்பட்ட அனாதைக் குழந்தைகள், கணவனைப் பிரிந்து வழக்காடும் மனைவியர், விதவையர், வேலைக்காரிகள், அடிமைகள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் லிமாவின் லா கொன்செப்சியோன் மடத்துக்குள் ஆயிரம் பேர்வரை வாழ்ந்தார்கள். வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியர் அதில் சிறுபான்மையே. அன்றைய லிமாவின் பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மடங்களுக்குள் இருந்ததாக வரலாற்றாசிரியர் மதிப்பிடுகிறார்கள். சீதனம் கொடுக்க வசதியில்லாமல் நல்ல குரல் வாய்த்த பெண்ணுக்கு, பாடற்குழுவுக்காகச் சீதனத்தைத் தள்ளுபடி செய்வதும் வழக்கில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லா என்கார்னாசியோனில் பாட்டுக் கேட்க லிமாவாசிகள் கூடினார்கள்.

இனி பணம். சீதனத்தைச் செலவழிக்கக்கூடாது, அதை முதலாக வைத்து வரும் ஆண்டு வருமானத்தில்தான் கன்னியைப் பராமரிக்க வேண்டும். அவள் இறந்தபின் முதல் மடத்துக்கே சேரும். நூறு கன்னியர் என்றால் மூன்று லட்சம் பெசோ. அதை எங்கே போடுவது? இன்றைய வங்கி போன்ற ஒன்று அக்காலத்தில் அங்கே கிடையாது. கரும்புத் தோட்டம் போடுபவருக்கும், வீடு கட்டுபவருக்கும், கோவேறு கழுதைகள் வாங்கி வியாபாரம் செய்பவருக்கும் ரொக்கம் வேண்டும். இரு தேவைகளும் ஒன்றையொன்று தேடின.

நடுவில் நின்றது திருச்சபையின் வட்டித் தடை. கடன் கொடுத்து, கொடுத்ததற்கு மேல் வாங்குவது பாவம் என்பது இடைக்காலம் முழுவதும் உறுதியான போதனை. அதைச் சுற்றிவர அமைந்த வழிதான் சென்சோ என்ற ஒப்பந்தம். பணம் வாங்குபவர் கடன் வாங்குவதில்லை. தம் நிலத்தின்மீதோ வீட்டின்மீதோ ஆண்டுதோறும் இவ்வளவு தரும் உரிமையை மடத்துக்கு "விற்கிறார்". மடம் அதை "விலைக்கு வாங்குகிறது". விற்றவர் முதலைத் திருப்பிக் கொடுத்து உரிமையை மீட்டுக்கொள்ளலாம். ஆனால் வாங்கிய மடம் முதலைத் திருப்பிக் கேட்க முடியாது. அந்த ஒரு நிபந்தனையே இதைக் கடனிலிருந்து பிரித்தது. 1425இல் ஐந்தாம் மார்ட்டினும் 1455இல் மூன்றாம் கலிஸ்துவும் இத்தகைய ஒப்பந்தங்களை ஏற்றுக்கொண்ட திருத்தந்தையர். 16ஆம் நூற்றாண்டில் ஆண்டுத்தொகை நூற்றுக்கு ஏழுக்குச் சற்று மேல் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஐந்தாகக் குறைந்து, நிலைத்தது. 3,300 பெசோ சீதனம் ஆண்டுக்கு 165 பெசோ ஈட்டித் தரும்.

இது வெறும் சொல்விளையாட்டு என்று இக்கால வாசகருக்குத் தோன்றினால் வியப்பில்லை. ஆனால் கடன் வாங்கியவருக்கு நடைமுறை வேறுபாடு பெரியது. ஆண்டுத்தொகையைக் கட்டிக்கொண்டே போனால் யாரும் முதலைக் கேட்டுக் கதவைத் தட்டுவதில்லை. தோட்டத்தை விற்றால் சென்சோவும் தோட்டத்தோடு போகும். 10,000 பெசோ தோட்டத்தில் 7,000 பெசோ சென்சோ இருந்தால், வாங்குபவர் 3,000 மட்டும் ரொக்கமாகக் கொடுத்து மீதிச் சுமையை ஏற்றுக்கொள்வார். கையில் பணமில்லாத சமூகத்தில் நிலம் கைமாறியது பெருமளவு இப்படித்தான். தீமையும் அதிலேயே இருந்தது: பேரன் காலத்திலும் தாத்தா வாங்கிய பணத்துக்கு வருடம் தவறாமல் கட்ட வேண்டும். விளைச்சல் பொய்த்து, தொகை நிலுவையானால் வழக்கு, ஏலம். எத்தனையோ தோட்டங்களும் வீடுகளும் கடைசியில் மடத்தின் கைக்கே வந்தன. மெக்சிகோ நகரின் மடங்கள் தெருத்தெருவாக வாடகை வீடுகள் வைத்திருந்தது இந்த வழியாகவும்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நகரத்துக் கட்டடச் சொத்தில் ஏறத்தாழப் பாதி திருச்சபை நிறுவனங்களுடையது. அதில் கன்னியர் மடங்களின் பங்கு பெரிது.

ஒப்பந்தம் முடியும் இடம் பார்வையாளர் கூடம். நடுவே இரும்புக் கம்பித் தடுப்பு. இப்புறம் பணம் கேட்டு வந்த தோட்டக்காரர், பத்திர எழுத்தர், சாட்சிகள். அப்புறம் தலைவியும் மூத்த கன்னியரும். வழக்கப்படி மணி அடித்துக் கூட்டப்பட்டதாகப் பத்திரம் குறிப்பிடும். தலைவி விவரத்தைச் சொல்வார்: இன்னார் இவ்வளவு கேட்கிறார், இன்ன தோட்டத்தை ஈடு காட்டுகிறார், அதன்மேல் முன்பே இவ்வளவு சுமை உண்டு, இது மடத்துக்கு நன்மையா? கன்னியர் கலந்துபேசிச் சம்மதிப்பார்கள். ஒருநாள் பேச்சோடு முடியாது. இதே ஆலோசனை மூன்று முறை நடந்து, மூன்றும் எழுதப்பட வேண்டும். பிறகு வரிசையாகக் கையெழுத்து. வெளியுலகம் முகத்தைப் பார்க்க முடியாத பெண்களின் கையெழுத்துகள் அந்த நகரத்து நிலப் பத்திரங்கள்தோறும் கிடக்கின்றன.

பணம் யாருக்குக் கிடைத்தது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. மகளோ தங்கையோ உள்ளே இருந்தால் வழி எளிது. குடும்பம் சீதனமாகக் கொடுத்த பணம் சென்சோவாக அதே வட்டத்துக்குத் திரும்பி வந்தது. குஸ்கோவின் உள்ளூர்த் தலைவர்களான குராக்காக்களும் மடங்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டார்கள், மகள்களை அனுப்பினார்கள். குஸ்கோ மடங்களை விரிவாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் கேத்ரின் பர்ன்ஸ் இந்த ஏற்பாட்டை ஆன்மிகப் பொருளாதாரம் என்று அழைத்தார். பணம், நிலம், மகள், செபம் எல்லாம் ஒரே சுற்றில் ஓடின என்பதே அவர் கண்டது.

அந்தச் சுற்றில் செபத்தை அலங்காரச் சரக்கு என்று கருதுவது தவறு. மறுமையில் பாவக்கறை தீர உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்படும் ஆன்மாவுக்கு உயிரோடிருப்பவரின் செபமும் திருப்பலியும் துணைசெய்யும் என்பது அம்மக்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஸ்பானியர் ‘இந்தியர்’ என்றழைத்த பூர்வகுடிகளைக் கசக்கிப் பிழிந்து செல்வம் சேர்த்த பலர் மரணப் படுக்கையில் அந்தக் கணக்கை நினைத்து நடுங்கினார்கள். நித்தியத்துக்கும் பூசை நடக்கும்படி தொகை எழுதிவைத்தார்கள். அந்த முதலும் சென்சோவாக ஏதேனும் ஒரு நிலத்தின்மீது ஏறியது. கன்னியரின் செபம் தூய்மையானது, ஆகவே வலுவானது. நகரம் மடத்துக்குக் கொடுத்தது அந்தத் தூய்மைக்கான விலை. செபத்தின் பெயரால் பணம் வந்தது. அந்தப் பணம் மதிலையும் கூரையையும் காத்துச் செபத்தைத் தொடர வைத்தது.

தூய்மைக்கு மதில் வேண்டும். மதிலுக்குள் யாரோ தண்ணீர் இறைக்க வேண்டும். லிமாவின் சாந்தா கிளாரா மடத்தில் 1617இல், பதின்மூன்று வயதில், அடிமையாக வந்தவர் ஊர்சுலா தே ஹேசுஸ். கன்னியொருத்தியின் உடைமையாக, சமையற்கட்டிலும் நோயாளிகள் கூடத்திலும் துணி வெளுப்பதிலும் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்தார். 1642இல் கிணற்றில் விழுந்து சாகவிருந்து தப்பியபின் அவருடைய மனம் செபத்தில் ஆழ்ந்தது. 1645இல் ஒரு கன்னி பணம் கட்டி அவரை விடுவித்தார். கறுப்பினப் பெண் முழுக் கன்னியாக முடியாது. எனவே ஊழியம் செய்யும் தொனாதா என்ற கீழ்நிலையிலேயே 1647இல் வார்த்தைப்பாடு கொடுத்தார். ஆன்ம குருவின் கட்டளைப்படி எழுதப்பட்ட அவருடைய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. இறந்துபோன குருக்களும் கன்னியரும் உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து வந்து, தங்களுக்காக வேண்டும்படி அவரிடம் கெஞ்சுகிறார்கள். இறந்த அடிமைப் பெண்களும் வருகிறார்கள். பாடற்குழுவில் இடமில்லாத ஒருவரிடம், பாடற்குழுவில் அமர்ந்திருந்தவர்கள் மறுமையில் கையேந்தி நின்றார்கள். மடத்தின் ஏற்றத்தாழ்வை இதைவிடக் கூர்மையாக விசாரித்த இறையியல் ஏடு அக்காலத்தில் அரிது. அவர் வாதாடவில்லை, கண்டதைச் சொன்னார்.

இந்தியப் பெண்களுக்கு வழி இன்னும் தாமதமாகவே திறந்தது. கற்பைக் காக்கவும் துறவறத்தில் நிலைக்கவும் அவர்களுக்கு இயலுமா என்று குருக்கள் ஏடு ஏடாக விவாதித்தார்கள். இயலாது என்றவர்களும் இருந்தார்கள். 1724இல் மெக்சிகோ நகரில் அரசப் பிரதிநிதி மார்க்கெஸ் தே வலேரோவின் முயற்சியால் கோர்புஸ் கிறிஸ்தி மடம் திறந்தது. இந்தியத் தலைவர் குலத்துப் பெண்களுக்கு மட்டும். அங்கே சீதனம் இல்லை, வருமானச் சொத்து இல்லை, பிச்சையே வாழ்வு. துறவறத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களே மிகக் கடுமையான ஏழ்மையைக் கைக்கொண்டார்கள்.

இவ்வளவு செல்வத்தோடு ஏழ்மை வார்த்தைப்பாடு எப்படி ஒத்துப்போயிற்று? திருச்சபைச் சட்டம் சொன்ன விடை: ஏழ்மை தனிமனிதரின் கடமை, சொத்து குழுமத்துக்கு உரியது. கன்னி எதற்கும் உரிமையாளர் அல்லர். தலைவியின் அனுமதியோடு பயன்படுத்துபவர் மட்டுமே. கிளாரா சபையாரிடம் இந்தக் கேள்வி பழைய புண். அசிசி நகரப் புனித கிளாரா, பொதுச்சொத்தும் வேண்டாம் என்று வாழ்நாளெல்லாம் போராடி, 1253இல் சாகும் தறுவாயில்தான் தம் ஒழுங்குக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றார். பத்தே ஆண்டில், 1263இல், நான்காம் உர்பான் தந்த ஒழுங்கு பொதுச்சொத்துக்கு இடம் கொடுத்தது. நிலமும் சென்சோவும் வைத்திருந்த அமெரிக்கக் கிளாரா மடங்கள் கிளாராவின் பெயரைத் தாங்கி, உர்பானின் வழியில் நடந்தன.

சட்டப்படி விடை சரி. ஆனால் தனி அறை, தனி அடிமை, அண்ணன் அனுப்பும் ஆண்டுப் பணம் இவற்றுக்கெல்லாம் அனுமதிச் சீட்டு வாங்கினால் போதும் என்றான பிறகு அனுமதி சடங்காகிப் போனது. உள்ளேயிருந்தே எதிர்ப்பு எழுந்ததுண்டு. அரெக்கிப்பாவின் சாந்தா கத்தலீனாவில் தலைவியான ஆனா தே லோஸ் ஆங்கெலெஸ் மொன்தெயாகுதோ (1602–1686) ஒழுங்கைக் கடுமையாக்க முயன்று சகோதரிகளின் பகையைத் தேடிக்கொண்டார். 1985இல் இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். கார்மேல் சபையாரும் கப்புச்சின் கன்னியரும் குறைந்த எண்ணிக்கையில், பொதுச் சமையல், பொது உடை என்று வாழ்ந்து காட்டினார்கள்.

பெரிய மோதல் 18ஆம் நூற்றாண்டில் நியூ ஸ்பெயினின் புவெப்லா நகரில் நடந்தது. ஆயர் பிரான்சிஸ்கோ பாபியான் இ புவெரோ, ஸ்பானிய அரசர் மூன்றாம் கார்லோசின் சீர்திருத்தக் காலத்து மனிதர். 1760களின் இறுதியில், கன்னியர் தனி அறை வாழ்வை விட்டுப் பொது உணவு, பொதுப் படுக்கைக் கூடத்துக்கு வரவேண்டும், வேலைக்காரிகளும் வளர்ப்புச் சிறுமிகளும் வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டார். ஏழ்மையை மீட்கிறோம் என்றார். பல கன்னியர் கேட்ட கேள்விக்கு அவரிடம் நேரான பதில் இல்லை: தாங்கள் வார்த்தைப்பாடு கொடுத்தபோது இருந்த வாழ்முறைக்குத்தான் வாக்களித்தார்கள், கொடுக்காத வாக்கை நிறைவேற்றக் கீழ்ப்படிதல் என்ற பெயரால் கட்டாயப்படுத்தலாமா? அரசப் பிரதிநிதிக்கும் அரசனுக்கும் முறையீடுகள் பறந்தன. 1774இல் அரச ஆணை இருபக்கமும் பார்த்தது: பழையவர்கள் விரும்பிய வழியைத் தேர்ந்துகொள்ளலாம், புதிதாகச் சேர்பவர்களுக்குப் பொதுவாழ்வே விதி. ஆயர் பேசிய ஏழ்மை நற்செய்தியில் உள்ளதுதான். இருந்தாலும் அவருடைய சீர்திருத்தம் முதலில் தெருவுக்குத் தள்ளியது கன்னியரின் சொத்தையன்று; போக்கிடமற்ற சிறுமிகளையும் பணிப்பெண்களையும்.

பொருளாதார அடித்தளமும் அதற்குள் ஆடத் தொடங்கியிருந்தது. 1746ஆம் ஆண்டு நிலநடுக்கம் லிமாவைத் தரைமட்டமாக்கியபோது, இடிந்த வீட்டுக்கு எதற்குச் சென்சோ என்று உரிமையாளர்கள் கேட்டார்கள். மடங்கள் குறைப்பை ஏற்கவேண்டி வந்தது. 1780இல், கடைசி இன்கா மன்னரின் பெயரைச் சூடிய இரண்டாம் துபாக் அமாருவின் கிளர்ச்சியும் அதன் அடக்குமுறையும் குஸ்கோவின் தோட்டங்களையும் வணிகத்தையும் சிதைத்தன, நிலுவைகள் ஏறின. பெரிய அடி மாட்ரிட்டிலிருந்து வந்தது. ஐரோப்பியப் போர்களில் கடனாளியான ஸ்பானிய அரசு 1804 டிசம்பரில், அமெரிக்காவின் திருச்சபை நிறுவனங்கள் கடனாகக் கொடுத்திருந்த முதலைத் திரும்பப் பெற்று அரசு கருவூலத்தில் செலுத்த ஆணையிட்டது. முதலை யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நின்றிருந்த நிலவுடைமையாளர்கள் திடீரென ரொக்கம் தேட வேண்டியதாயிற்று. நியூ ஸ்பெயினிலிருந்து மட்டும் ஒரு கோடி பெசோவுக்கு மேல் உறிஞ்சப்பட்டது. அதில் சொத்து முடக்கப்பட்டவர்களில் ஒருவர் மிகெல் இதால்கோ. 1810இல் மெக்சிகோ விடுதலைப் போரைத் தொடங்கிய அதே குரு.

விடுதலை பெற்ற குடியரசுகள் மடங்களை ஒரேயடியாக மூடவில்லை. மெக்சிகோவில் 1856ஆம் ஆண்டின் லெர்தோ சட்டம் திருச்சபை நிறுவனங்களின் வாடகை வீடுகளை விற்க வைத்தது. 1859 ஜூலையில் பெனீத்தோ ஹுவாரெசின் அரசு திருச்சபைச் சொத்தை நாட்டுடைமையாக்கியது. ஆண் துறவியர் மடங்கள் அப்போதே ஒழிக்கப்பட்டன. கன்னியர் மடங்கள் புதியவர்களைச் சேர்க்கக்கூடாது என்ற தடையோடு விடப்பட்டு, 1863இல் கலைக்கப்பட்டன. வெளியே வர விரும்பும் கன்னி, தான் கொண்டுவந்த சீதனத் தொகையை வாசலைத் தாண்டும்போதே திரும்பப் பெறலாம் என்று 1859ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. பிச்சையில் வாழ்ந்த சபைகளைச் சேர்ந்து, எதுவும் கொண்டுவராதவர்களுக்கு 500 பெசோ.